காருக்கு ஓடுதளம் உண்டு. குழந்தைக்கு மண் தரை உண்டா?

ஒரகடத்தில் கார்களைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. 300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், அரசுப் பணத்தில் எழுந்தது அது. புதிதாய்ப் பிறந்த வண்டி மேட்டில் ஏறுகிறதா, வளைவில் சாய்கிறதா, பிரேக் போட்டால் நிற்கிறதா என்று அங்கே ஓட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார்ப் பந்தயத்துக்கென்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தளம் 1990 முதல் இருக்கிறது. இவை கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. காரைச் சோதிக்காமல் சாலையில் விட முடியாது. நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் காரைச் செய்கிற தொழிலாளியின் இரண்டு வயதுப் பிள்ளை தத்தித் தத்தி நடை பழக, விழுந்தால் அடிபடாமல் எழுந்து நிற்க, இந்தத் தொழில் வட்டாரத்தில் எத்தனை சென்ட் நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது?

கேள்வியைக் கேட்டதும் சிலர் சிரிப்பார்கள். "ஆயிரம் பிரச்னை இருக்கிறது, ஊஞ்சலும் சறுக்கு மரமுமா இப்போது அவசரம்?" என்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் சிரிக்கிறவர்கள் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரைக்கும், அங்கிருந்து வல்லம், ஒரகடம் வரைக்கும் ஒரு மாலை நேரத்தில் நடந்து பார்க்கட்டும். ஷிப்ட் முடிந்த பஸ்கள் வரிசையாகப் போகும். கன்டெய்னர் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். சாலையோரத்து லைன் வீடுகளின் வாசற்படியில், இடுப்பில் கட்டிய கயிற்றோடு ஒரு பிள்ளை, கையில் செல்போனோடு ஒரு பிள்ளை, கதவுக்குப் பின்னால் பூட்டி வைத்த ஒரு பிள்ளை என்று கண்ணில் படும். பெற்றவர்களுக்கு அன்பில்லாமல் அல்ல. வாசலைத் தாண்டினால் சாலை. சாலையைத் தாண்டினால் லாரி. கொல்லைப் பக்கம் போனால் மண் தோண்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர். எங்கே விடுவார்கள் பிள்ளையை?

வளர்ந்தது வட்டாரம், வகுத்தது யார்?

இந்த வட்டாரம் தானாக முளைத்த காடு அல்ல. திட்டம் போட்டு உண்டாக்கப்பட்டது. 1971இல் சிப்காட் நிறுவனத்தை மாநில அரசு தொடங்கிற்று. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998இல் முதல் கார் வெளியே வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் செய்யத் தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட்–நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்பீல்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிலம் எடுப்பதற்கென்றே தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டம் என்று 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் வந்தது.

திட்டத்தில் என்ன இருந்தது? ஆலைக்கு நிலம் இருந்தது. மின்சாரம் இருந்தது. தண்ணீர் இருந்தது. துறைமுகத்துக்குப் போக ஆறுவழிச் சாலை இருந்தது. வரிச் சலுகை இருந்தது. ஆலைக்குள் போய் வேலை செய்யப் போகிற மனிதர்கள் எங்கே தூங்குவார்கள், எங்கே குடும்பம் நடத்துவார்கள், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் எங்கே விளையாடும் என்பது மட்டும் நீண்ட காலம் யாருடைய திட்டத்திலும் இடம் பெறவில்லை. இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்ற மறக்காதவர்கள், இயந்திரத்தை ஓட்டுகிறவன் வீட்டை மறந்தார்கள்.

முன்பு இங்கே கிராமங்கள் இருந்தன. கிராமத்தில் பூங்கா என்று ஒன்று கிடையாது. ஆனால் களத்துமேடு இருந்தது, மந்தைவெளி இருந்தது, ஏரிக்கரை இருந்தது, கோயில் திடல் இருந்தது. நெல் அடித்த நாள் போக மற்ற நாளெல்லாம் களம் பிள்ளைகளுடையது. பாட்டி ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து பத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். வயல் போயிற்று, வயலோடு களமும் போயிற்று. மேய்ச்சல் நிலத்தில் கிடங்கு வந்தது. திண்ணையை இடித்து வாடகை அறை கட்டினார்கள். பிள்ளைகளுக்கு எந்தச் சட்டமும் எழுதிக் கொடுக்காத உரிமை ஒன்று இருந்தது. அதை எந்தச் சட்டமும் இல்லாமலே பறித்துவிட்டார்கள். நிலத்துக்கு ஈட்டுத்தொகை கொடுத்தார்கள். களத்துக்கு ஈடு எங்கே?

இப்படித்தான் ஆலை கட்ட முடியும் என்று யாராவது சொன்னால், நெய்வேலியைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 1956இல் பழுப்பு நிலக்கரிக் கழகம் அமைந்தபோது சுரங்கத்தோடு ஒரு நகரத்தையும் சேர்த்து வகுத்தார்கள். வட்டம் வட்டமாக வீடுகள், பள்ளி, மருத்துவமனை, மைதானம், பூங்கா என்று அமைத்தார்கள். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையைச் சுற்றியும், திருச்சி கனரகக் கொதிகலன் ஆலையைச் சுற்றியும், ஆவடி டாங்கித் தொழிற்சாலையைச் சுற்றியும் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. அங்கேயும் குறை உண்டு. வேலிக்குள் நிரந்தரத் தொழிலாளிக்கு வீடு. வேலிக்கு வெளியே ஒப்பந்தத் தொழிலாளிக்குக் குடிசை என்ற பாகுபாட்டை எதிர்த்து இன்றும் நம் தோழர்கள் போராடுகிறார்கள். ஆனாலும், ஆலை என்றால் ஆலை மட்டும் அல்ல, அதைச் சேர்ந்த குடும்பங்களும்தான் என்ற எண்ணமாவது அன்று இருந்தது. தனியார் முதலாளிக்குச் சிவப்புக் கம்பளம் விரித்த காலத்தில் அந்த எண்ணத்தையும் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள்.

74 சென்ட் கணக்கு

இடம் இல்லை என்பார்கள். இடம் ஏன் இல்லாமற் போயிற்று என்று பார்ப்போம்.

மனைப் பிரிவு போடும்போது பொதுவுக்கென்று திறந்தவெளி விட வேண்டும் என்று விதி இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில் சாலை போக மிச்சமுள்ளதில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ளதற்கு, இடம் விட முடியாவிட்டால் அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 3,000 சதுர மீட்டருக்குக் கீழே ஒன்றும் விடத் தேவையில்லை.

3,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 74 சென்ட். லைன் வீடுகள் எந்த நிலத்தில் எழுகின்றன? ஐந்து சென்ட், பத்து சென்ட், இருபது சென்ட் துண்டுகளில். ஒவ்வொரு துண்டும் விதிக்குக் கீழே நழுவிப் போகிறது. ஒரு துண்டில் பத்து அறை, அடுத்த துண்டில் பதினைந்து அறை என்று தெரு முழுவதும் நிரம்புகிறது. தெருவில் நூறு குடும்பம் சேர்ந்த பிறகும் விதிப்படி ஒரு சென்ட்கூடப் பொதுவில் விட வேண்டியதில்லை. வீட்டு உரிமையாளர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர்களில் பலர் நிலத்தை இழந்து, மிச்சமிருந்த துண்டில் அறை கட்டி வாடகையில் காலம் தள்ளுகிறவர்கள். ஆயிரக்கணக்கான பேரை ஒரே ஊருக்கு இழுத்து வருகிற ஆலையிடம் கேட்க வேண்டிய இடத்தை, பத்து அறை கட்டியவனிடம் எப்படிக் கேட்பது?

விதியின் வலையில் சிக்குகிற பெரிய மனைப் பிரிவிலும் பூங்காவுக்கென்று விட்ட இடம் எப்படி இருக்கிறது? பல இடங்களில் முள்வேலியும் சீமைக் கருவேலமும் ஒரு பெயர்ப்பலகையும்தான். இன்னும் சில இடங்களில் வேலியும் போய், பலகையும் போய், யாருடைய லாரியோ நிற்கிறது.

தாய்க்கும் சேயிக்கும் ஒரே கதவு

தோழர்களே, இந்த இடத்தில்தான் ஊஞ்சல் பிரச்னை வேலைப் பிரச்னையாக மாறுகிறது.

இந்த வட்டாரத்தின் மின்னணு ஆலைகள் யாருடைய விரல்களால் ஓடுகின்றன? இளம்பெண்களின் விரல்களால். நோக்கியா உச்சத்தில் இருந்தபோது நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். 2014 நவம்பரில் ஆலை கதவைச் சாத்திக்கொண்டது. இருபது வயதைத் தொடுமுன் உள்ளே போனவர்கள், கல்யாணமும் குழந்தையும் ஆன வயதில் தெருவில் நின்றார்கள். இரண்டாவது முறை வேலை தேடிப் போன இடத்தில் அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி என்ன என்பதை இந்த வட்டாரத்துப் பெண்கள் எல்லோரும் அறிவார்கள்.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. சுங்குவார்சத்திரத்திலுள்ள பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்பதே செய்தி. திருமணமான பெண்களும் எங்களிடம் இருக்கிறார்கள், பாகுபாடு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. மறுப்பும் அறிக்கையும் ஒரு பக்கம் இருக்கட்டும். திருமணமான பெண்ணைக் கண்டு ஒரு நிர்வாகம் ஏன் அஞ்ச வேண்டும்? தாலியைக் கண்டா அஞ்சுகிறது? தாலிக்குப் பின்னால் வரப்போகிற தொட்டிலைக் கண்டு அஞ்சுகிறது. லீவு கேட்பாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பாள், இரவு ஷிப்டுக்கு வர மறுப்பாள் என்று கணக்குப் போடுகிறது. ஆக, பிள்ளையை வைத்துக்கொள்ள ஊரில் இடமில்லை என்பதுதான் தாயை வேலையிலிருந்து தள்ளுவதற்கு முதலாளிக்குக் கிடைத்த சாக்கு.

அடுத்து விடுதியைப் பார்ப்போம். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி, பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் நாட்டை உலுக்கிற்று. அதற்குப் பிறகு விடுதிகளைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் மாபெரும் குடியிருப்பு ரூ.706.50 கோடியில் எழுந்தது. 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்து வைத்தார். நல்ல காற்றும் நல்ல கழிவறையும் தொழிலாளிக்குக் கிடைப்பதை நாம் வரவேற்கிறோம். போராடிய பெண்களின் வெற்றி என்றே அதைக் கொள்கிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு படுக்கைக்கு ஏறத்தாழ 3 லட்சத்து 77 ஆயிரம் ரூபாய். தனியாக இருக்கும் வரை ஒரு பெண்ணுக்குப் படுக்கை உண்டு. அவள் தாயானால்? படுக்கை அப்படியே இருக்கும். வேறொரு பெண் அதில் படுப்பாள். தாய் ஒன்று வேலையை விட்டு ஊருக்குப் போவாள். அல்லது பிள்ளையைச் செய்யாற்றிலோ திருவண்ணாமலையிலோ பாட்டியிடம் விட்டுவிட்டு மாதம் ஒரு தரம் போய்ப் பார்ப்பாள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பத்துக்கு அந்த வழியும் இல்லை. அவர்களுடைய பிள்ளைதான் கதவுக்குப் பின்னால் பூட்டப்பட்டிருக்கும் பிள்ளை.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைக் காப்பகம் என்பது முதலாளி இரக்கப்பட்டுக் கொடுக்கிற மிட்டாய் அல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே அது இடம்பெற்றது. முதலில் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்கு என்று இருந்தது. 1976இல் 30 பெண்களுக்கு மேல் என்று திருத்தினார்கள். அந்தச் சட்டத்தை ஒட்டி மாநிலங்கள் வகுத்த விதிகளில் இன்னொன்றும் உண்டு. காப்பகத்தை ஒட்டி, வேலியடைத்த, நிழலுள்ள, திறந்தவெளி விளையாட்டிடம் வேண்டும் என்று எழுதினார்கள். முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே நிழலையும் வேலியையும் நினைத்து எழுதியிருக்கிறார்கள்! ஆனால் அதே விதியின் வாலில், போதிய இடமில்லை என்று தலைமை ஆய்வாளர் கருதினால் விலக்குத் தரலாம் என்றும் சேர்த்தார்கள். பருத்தி ஆலை நெரிசலான பட்டணத்து நடுவில் இருந்த காலத்தில் அந்த விலக்குக்கு ஒரு நியாயம் சொல்லலாம். நூறு ஏக்கர், இருநூறு ஏக்கர் என்று வளைத்து வைத்திருக்கிற ஆலைக்கு இடமில்லை என்று யார் சொல்ல முடியும்?

2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி வைத்திருக்க வேண்டும். தாய் நாளுக்கு நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றார்கள். ஆண், பெண் என்ற பேதமில்லாமல் ஐம்பது பேர் என்று வந்தது நல்ல மாற்றம். இப்போது நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. அந்தத் தொகுப்புகளைப் பற்றி நம் இயக்கத்தின் கருத்து ஊரறிந்தது. வேலைநிறுத்த உரிமையை நெரிக்கிற அவற்றை நாம் எதிர்க்கிறோம். ஆனால் எதிரியின் கோட்டையில் நமக்குச் சாதகமாக ஒரு கதவு திறந்திருந்தால் அதன் வழியே நுழைய வேண்டும். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, காப்பகத்தை ஒவ்வொரு நிறுவனமும் தனியாகவும் வைக்கலாம், பல நிறுவனங்கள் பணத்தைச் சேர்த்துப் பொதுவாகவும் வைக்கலாம் என்கிறது. உள்ளாட்சி நடத்தும் காப்பகத்தையும் பயன்படுத்தலாம் என்கிறது. இந்த வரியைத் தோழர்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் என்று சொல்கிறோம்.

காலியான தொட்டில்களின் காரணம்

நிர்வாகத்திடம் காப்பகம் பற்றிக் கேட்டால் பல இடங்களில் வருகிற பதில் இதுதான்: "அறை ஒதுக்கியிருக்கிறோம், யாரும் பிள்ளையைக் கொண்டு வருவதில்லை." பதிலில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஏன் கொண்டு வருவதில்லை?

காலை ஆறு மணி ஷிப்டுக்கு நான்கு மணிக்கே பஸ் பிடிக்கிறாள் ஒரு பெண். நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் பயணம். கம்பெனி பஸ்ஸில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு இடமில்லை. இருந்தாலும் அந்த நேரத்தில் தூங்குகிற பிள்ளையை எழுப்பித் தூக்கிக்கொண்டு போக எந்தத் தாய்க்கு மனம் வரும்? மறுவாரம் மதிய ஷிப்ட்; அதற்கடுத்த வாரம் இரவு ஷிப்ட். காப்பகமோ நிர்வாக அலுவலகத்தின் நேரப்படி திறந்து மூடும். தொழிலாளியின் மனைவி வேறு ஆலையில் வேலை பார்த்தால், அந்தப் பிள்ளை எந்த ஆலையின் கணக்கு? ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளை யாருடைய கணக்கு? இத்தனை முட்டுக்கட்டைகளையும் போட்டுவிட்டு, யாரும் வரவில்லை என்பது, கிணற்றைப் பூட்டிவிட்டு ஊருக்குத் தாகமில்லை என்பதைப் போன்றது.

ஆகவே பிள்ளைக்கான இடம், தொழிலாளி குடியிருக்கிற தெருவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நான்கு ஆலைகள் சேர்ந்து பணம் போடட்டும். சிப்காட் நிலம் தரட்டும். உள்ளாட்சி நிர்வாகம் பார்க்கட்டும். தொழிலாளர் பிரதிநிதிகள் கண்காணிக்கட்டும். காப்பகமும் அதை ஒட்டி விளையாட்டிடமும். காப்பகத்தில் சேராத பிள்ளைக்கும் விளையாட்டிடத்தின் கதவு திறந்திருக்க வேண்டும். கம்பெனிச் சட்டம் 2013இன்படி பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகப் பொறுப்புக்கென்று செலவிட வேண்டும். அந்தப் பணம் எங்கெங்கோ மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளப் போகிறது. அந்தப் பணம் எவனுடைய உழைப்பில் விளைந்ததோ அவன் பிள்ளைக்கு அதில் பங்கு கேட்பது யாசகம் அல்ல.

நல்ல இடம் என்பது எது?

இடம் கேட்கிறவன், எப்படிப்பட்ட இடம் என்றும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் பூங்கா என்று சொல்லி நான்கு இரும்புச் சாமானை வெயிலில் நட்டுவிட்டு, நாடா வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மத்தியான வெயிலில் காய்ந்த இரும்புச் சறுக்கில் பிள்ளையை உட்கார வைத்தால் தொடை வெந்துவிடும்.

முதலில் தூரம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரிய சாலை எதையும் கடக்காமல், ஐந்து பத்து நிமிடத்தில் நடந்து போகிற இடமாக இருக்க வேண்டும். ஊருக்கு ஒரு பெரிய பூங்காவைவிட, தெருக்கூட்டத்துக்கு ஒரு சிறிய இடம் மேல். பத்து சென்ட் போதும். அந்தச் சோதனை மையத்தின் 300 ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு 3 ஏக்கர். அவ்வளவு நிலம் இருந்தால் வட்டாரத்தில் பத்து சென்ட் வீதம் முப்பது இடம் அமைத்துவிடலாம்.

இரண்டாவது, வேலியும் கதவும். பிள்ளை ஓடிச் சாலைக்குப் போகாமல், நாயும் மாடும் வண்டியும் உள்ளே வராமல் இருக்க வேண்டும். மூன்றாவது, நிழல். வேம்பும் புங்கனும் நடட்டும். மரம் வளரும் வரை ஒரு கூரை போடட்டும். நான்காவது, தரை. சிமெண்டுத் தரை கூடாது. சலித்த மணல் வேண்டும். அதை மாதந்தோறும் கிளறிச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். ஐந்தாவது, சாமான்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தாழ்ந்த ஊஞ்சல், முன்னும் பின்னும் தடுப்புள்ளது. முழங்கால் உயர மேடு, பிடித்து நடக்கக் கம்பி, நடைவண்டி தள்ள ஒரு பாதை. பெரிய பையன்களின் கிரிக்கெட் பந்து அந்தப் பக்கம் வராதபடி தனியாக இருக்க வேண்டும். ஆறாவது, தாய் உட்காரத் திண்ணை, குடிக்கத் தண்ணீர், ஒரு கழிவறை, இரவு எட்டு மணி வரை விளக்கு. ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்கு மாலை ஐந்து மணிக்குப் பூட்டுகிற பூங்கா எதற்கு? ஏழாவது, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள மாதச் சம்பளத்தில் ஒருவர். ஆள் இல்லாத பூங்கா ஆறு மாதத்தில் சாராயக் கடைக்குப் பின்கட்டாகிவிடும்.

இது அதிகப்படியான ஆசை அல்ல. பிள்ளை உடம்புக்கு வேண்டியது இது. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாடி இருக்க வேண்டும் என்றும், ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே காட்டக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் மூன்று மணி நேரம் எங்கே ஓடுவது? நம் முன்னோருக்கு இதை எந்த நிறுவனமும் சொல்லத் தேவைப்படவில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் தவழ்வதை ஒரு பருவமாகவும், கை கொட்டுவதை ஒரு பருவமாகவும், தளர்நடையிட்டு வருவதை ஒரு பருவமாகவும் வகுத்தார்கள். ஆண் பிள்ளைக்குச் சிறுதேரும் பெண் பிள்ளைக்கு ஊசலும் வைத்தார்கள். கடவுளின் பிள்ளைக்கும் அரசனின் பிள்ளைக்கும் பாடினார்கள். தொழிலாளியின் பிள்ளைக்கும் அந்தப் பருவங்கள் அதே மாதத்தில்தான் வருகின்றன. வந்து, போய்விடுகின்றன. காத்திருப்பதில்லை.

உலகம் என்ன செய்தது?

ஆலைக்கும் விளையாட்டிடத்துக்கும் உள்ள உறவு புதிதல்ல. ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்ற பஞ்சாலை ஊரில் ராபர்ட் ஓவன் என்பவர் 1816இல் ஒரு பள்ளியைத் திறந்தார். நடக்கத் தெரிந்த பிள்ளையெல்லாம் அதில் சேரலாம். சிறியவர்களைப் புத்தகத்தால் வதைக்கக் கூடாது என்று, வாசலில் விளையாட்டிடம் அமைத்தார். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையை முன்வைத்தவர்களில் அவரும் ஒருவர் என்பதைத் தோழர்கள் அறிவார்கள். அவர் ஓர் ஆலை முதலாளியே. அன்று ஒரு முதலாளிக்குத் தோன்றியது, இருநூறு ஆண்டு கழித்து நம் வட்டாரத்தில் தோன்றாததற்கு அறிவுக் குறைவு காரணமில்லை. கேட்பார் இல்லாததே காரணம்.

ஆம்ஸ்டர்டாம் நகரத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டுப் பட்டினி கிடந்த ஊர் அது. 1947இல் ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர், நகராட்சி வேலையாக ஒரு சிறு சதுக்கத்தில் மணல் தொட்டியும் இரும்புக் கம்பிகளும் உட்காரும் பலகைகளும் வைத்தார். பக்கத்துத் தெருக்காரர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதினார்கள். இடிந்த வீட்டு மனைகளிலும் மூலை முடுக்குகளிலும் 1978 வரை 700க்கு மேற்பட்ட இடங்கள் அமைந்தன. பணக்கார நாடு என்பதால் அல்ல. அப்போது அது பணமில்லாத நாடு. தெரு கேட்டது, நகராட்சி கொடுத்தது. விஷயம் அவ்வளவுதான்.

தோழர்கள் கேட்கலாம்

"சம்பள உயர்வு இருக்கிறது, ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்குவது இருக்கிறது, சங்க உரிமையே பெரும்பாடாக இருக்கிறது. இதற்கு நடுவில் இதையும் எடுக்க வேண்டுமா?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது; சங்கத்தைப் பதிவு செய்யவே 2025 ஜனவரி ஆயிற்று. சங்கம் வைக்கும் உரிமையே இத்தனை விலை கேட்கிற வட்டாரம் இது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்தக் கோரிக்கை, சங்கத்துக்குள் இன்னும் வராதவர்களைச் சங்கத்துக்கு அழைத்து வருகிற கோரிக்கை. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் சம்பளம் வேறு, பிள்ளை ஒன்று. ஒடியா பேசுகிறவனுக்கும் தமிழ் பேசுகிறவனுக்கும் மொழி வேறு. மணலில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு மொழி வேண்டாம். நிலம் இழந்த ஊர்க்காரனும் வேலைக்கு வந்த வெளியூர்க்காரனும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிற இந்த ஊர்களில், இருவரும் சேர்ந்து கேட்கக் கூடிய ஒரு பொருள் இது. ஆலைக்குள் நான்கு கூறாகப் பிரித்து வைக்கப்பட்டவர்களைத் தெருவில் ஒன்று சேர்க்க இதைவிட நல்ல வாய்ப்பு எது? "பிள்ளை விவகாரம் பெண்கள் விவகாரம்" என்று ஆண் தொழிலாளி ஒதுங்குவானானால், தன் வீட்டுச் சம்பளத்தில் பாதியை முதலாளி பறித்துக்கொள்ள அவனே கதவைத் திறந்து விடுகிறான்.

செய்ய வேண்டியது

கோரிக்கையைத் தெளிவாக வைப்போம். சிப்காட் பூங்கா ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள குடியிருப்புகளில், நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் பொதுக் காப்பகமும் விளையாட்டிடமும் வேண்டும். அவை மூன்று ஷிப்டுக்கும் பொருந்த வேண்டும். ஒப்பந்த, பயிற்சி, புலம்பெயர் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும், தாய் எங்கே வேலை செய்தாலும் தகப்பன் வேலை செய்யும் ஆலையின் கணக்கிலும் இடம் வேண்டும். 1975 முதல் நடக்கிற அங்கன்வாடித் திட்டத்தில் ஊருக்கு ஊர் கட்டடம் இருக்கிறது. அந்த முற்றத்துக்கு வேலியும் மணலும் போட்டு, தனி ஊழியர் வைத்து மாலையில் திறந்து விட வேண்டும். அங்கன்வாடித் தாய்மார் தலையில் அந்த வேலையையும் சுமத்தக் கூடாது. மனைப் பிரிவுகளில் பூங்காவுக்கென்று எழுதிக் கொடுத்த இடங்களின் பட்டியலை உள்ளாட்சிகள் பொதுவில் ஒட்ட வேண்டும்.

பட்டியல் தானாக வராது. கிளைத் தோழர்கள் தத்தம் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கிக் கணக்கெடுக்கட்டும். ஆறு வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், அவர்களில் எத்தனை பேரின் தாய் வேலைக்குப் போகிறாள், எத்தனை பேரின் தாய் பிள்ளைக்காக வேலையை விட்டாள், பக்கத்தில் புறம்போக்கு எவ்வளவு, பூங்கா மனை எங்கே என்று நோட்டில் எழுதட்டும். நிர்வாகத்தோடு அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகிற யூனியன் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போகட்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அந்த ஆறில் ஒரு நாள் மே 1. தொழிலாளர் தினத்தன்றே ஊர்ச்சபையும் கூடுவது எவ்வளவு பொருத்தம்! காலையில் கொடியேற்றுவோம். ஏற்றிவிட்டு அப்படியே கிராம சபைக்குப் போவோம். பெண் தோழர்கள் முன்னால் நிற்கட்டும். வடக்கேயிருந்து வந்த தொழிலாளிகளும் உடன் வரட்டும். இன்ன சர்வே எண்ணில், இத்தனை சென்ட், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று தீர்மானம் கொடுப்போம். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறும் வரை எழுந்து வரக் கூடாது.